ஒரே தொட்டித் தண்ணீர்

கல்லாத்துமேடு,
பாப்பிரெட்டிப்பட்டி வழி,
10.11.2025, திங்கள்.

அன்புள்ள பிரபாகருக்கு,

அம்மா எழுதுவது. செப்டம்பர் எட்டு, மாதா பிறந்த நாளில் பிறந்த எனக்கு இன்றோடு எழுபத்தாறு வயதும் இரண்டு மாதமும் இரண்டு நாளும் ஆகின்றன. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கிறது. நீயும் சோபனாவும், நான் இன்னும் கண்ணால் பாராத என் பேரனும் மெல்போர்னில் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன்.

நேற்று நீ போனில் சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். கோபத்தில் வாக்கியம் சரியாக அமையாது என்பதால் எழுதுகிறேன். நம் கோவிலில் முதல் ஞாயிறு மேலத்தெருப் பிள்ளைகளுக்கும் மூன்றாம் ஞாயிறு காலனிப் பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் என்பது நீ அறிந்த வழக்கம். இடையில் கோவில்பிள்ளை அந்தப் பித்தளைத் தொட்டியைப் புளி போட்டுத் தேய்ப்பார். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை, எல்லாருக்கும் தெரியும் என்பதால். புதிதாக வந்த ஃபாதர் ஜெயபால், கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு வருகிற திருக்குடும்பத் திருவிழாவன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பூசையில் ஒரே தண்ணீர் என்று அறிவித்துவிட்டார். மறுவாரம் முன்வரிசை காலி. மேலத்தெருவார் பஸ் ஏறித் தர்மபுரிக்குப் பூசைக்குப் போகிறார்கள். அங்கே பக்கத்தில் முழந்தாளிடுகிறவன் யாரென்று தெரியாததால் பக்திக்குக் குறைவில்லை போலும். உன் சித்தப்பா ராஜப்பன் வந்து, எல்லாரையும் ஒரே குண்டான்ல போட்டுக் கிண்டறாருங்க அண்ணி இந்த ஃபாதர் என்று பொருமினார். பாயசத்தை அப்படித்தான் கிண்டுவார்கள் என்றேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அது எனக்குப் பெரிதல்ல. காலனியிலிருந்து ரோசம்மாள் வந்து, எங்களாலதான் கோயிலு ரெண்டாச்சுன்னு பழி வருமுங்க டீச்சரம்மா, எம்பேத்திக்கு வேற நாளே பாத்துக்கறமுங்க என்று சொன்னபோதுதான் தூக்கம் போயிற்று. தவறு செய்கிறவர்கள் பஸ் ஏறுகிறார்கள். தவறிழைக்கப்பட்டவர்கள் மன்னிப்புக் கேட்கிறார்கள்.

இந்த நேரத்தில் நீ, நம் குழந்தைக்கு மட்டும் தனியாக ஒரு நாள் கேட்டு வாங்குங்க, இல்லையென்றால் வரமாட்டோம் என்கிறாய். அந்த ஊரில் வாடகை வீடு பார்க்கப் போன இடத்தில், உன் முகத்தைக் கண்டதும் வீடு வேறு ஆளுக்குப் போய்விட்டது என்றார்களே, அதை எத்தனை நாள் என்னிடம் புலம்பினாய்? ராஜப்பன் உலகம் பார்க்காதவர் என்று சொல்லித் தப்பலாம். நீ என்ன சொல்வாய்? நான் ஃபாதரிடம் கேட்க மாட்டேன். பேரனைத் தூக்காமலே போய்விடுவேனோ என்ற பயம் எனக்கு உண்டு, மறைக்கவில்லை. ஆனாலும் கேட்க மாட்டேன்.

உங்கள் மூவர் தலைமேலும் ஆண்டவருடைய கை இருக்கட்டும். அங்கே வெயில் தொடங்கியிருக்கும், குழந்தையை உச்சிப்பொழுதில் வெளியே தூக்கிப் போகாதே. டிக்கெட்டை ரத்து செய்யும் முன் இதையும் படித்துவிடு.

உன் அப்பா இதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் காலம் முடிந்துவிட்டது. உன் ஞானஸ்நானப் படத்தில், வெள்ளைச் சட்டையில் இருக்கும் உனக்கு அன்றைய ஃபாதர் பூசுவது எண்ணெய் மட்டும்தான். தண்ணீர் அதற்கு முன்பே ஊற்றியாயிற்று. நீ பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறி நீலம் பாரித்தாய். அப்பா டாக்டரைத் தேடி ஓடியிருந்தார். வயிற்றுத் தையலோடு என்னால் எழ முடியவில்லை. வார்டைப் பெருக்கிக்கொண்டிருந்த கருப்பியைக் கூப்பிட்டேன். காலனிக்காரி, மாரியம்மனைக் கும்பிடுகிறவள். சாகும் ஆபத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் சட்டம். நாந் தொடலாமுங்களா என்று கேட்டாள். தொடு என்றேன். நான் சொல்லச் சொல்ல அந்த வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லி, தான் குடிக்க வைத்திருந்த சொம்புத் தண்ணீரை உன் தலையில் மூன்று முறை ஊற்றினாள். ஞானஸ்நானம் ஒருவருக்கு இரண்டாம் முறை கொடுக்கப்படுவதில்லை. உனக்கு இருப்பது அந்த ஒன்றுதான்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஞானப்பூ