கூமாப்பட்டிக்குப் போன சாம்பல் நிற விமானம்

இன்று காலை லேபைத் திறக்க வந்தபோது படிக்கட்டு முழுக்க டர்பன்டைன் வாசம். கீழ்க்கடைக்காரர் ஜன்னல் கம்பிகளுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வைத்திருக்கிறார். சாவியைக் கையில் பிடித்தபடி சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். கதவைத் திறந்தால் நீ உள்ளே உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ஏட்டி, இதப் பாரேன்" என்பாய் என்று ஒரு நொடி நினைத்தேன். நீ போய் இது இரண்டாவது மழைக்காலம். இருந்தும் நினைத்தேன்.

ராஜபாளையத்தில் இந்தப் பல் கட்டும் லேபில்தான் நாம் இருவரும் எத்தனையோ வருடம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் இருந்தோம். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். நான் மெழுகில் பல் அடுக்குவேன். நீ பீங்கான் பல்லுக்கு நிறம் வைப்பாய். துபாயிலிருந்து உன் அண்ணன் தன் மகனுக்கு வாங்கி வந்த, ஒட்டிச் செய்யும் பொம்மை விமானப் பெட்டியை அவன் பிரிக்கவே இல்லை. கேட்பாரற்றுக் கிடக்கிறதே என்று நீ எடுத்தாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அந்தப் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்ட உட்கார்ந்தவள், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. ஒன்று முடிந்தால் இன்னொன்று. வாழ்நாளில் ஒரு முறைகூட விமானம் ஏறாதவள் நீ.

முதலில் எனக்கு அது பிடிபடவில்லை. வழவழவென்று பெயின்ட் அடித்து அழகாக முடித்துவிட்டு, அதன்மேல் கரும்பழுப்பு ஆயில் பெயின்டை டர்பன்டைனில் தண்ணீராகக் கரைத்து 'வாஷ்' என்று ஊற்றுவாயே, அதைத்தான் சொல்கிறேன்.

"நல்லாத்தான இருக்கு, எதுக்குட்டி அழுக்காக்குறே?" என்று கேட்டேன்.

"பல்லுக்கு நடுக்கோட்டுல நான் பிரவுன் வைக்கலையா? வைக்காட்டி பொய்ப்பல்லுன்னு தெரிஞ்சுரும்லா? இதுவும் அப்படித்தான்."

தூரிகை நுனியால் நீ ஒரு கோட்டைத் தொடுவாய். தகடுகள் சேரும் அந்த மெல்லிய பள்ளத்தில் நிறம் தானே ஓடிப் போய்ப் படியும். கொஞ்சம் உலரவிட்டு, மேலே வழிந்ததைப் பஞ்சுக் குச்சியால் துடைப்பாய். எப்போதும் மூக்கிலிருந்து வால் பக்கமாகத்தான். பறக்கும்போது காற்று போகும் திசை அது. என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியிலிருந்து பிசிறில்லாத துணி கொண்டுவரச் சொல்லி என்னை நச்சரிப்பாய். வாஷ் போடுவதற்கு முன்னால் பளபளப்பு வார்னிஷ் அடித்தாக வேண்டும். அவசரப்பட்டு அடிக்காமல் விட்ட உன் இரண்டாவது விமானம், நிறத்தை அப்படியே குடித்துத் திட்டுத் திட்டாகக் கறைபட்டுப் போனது. அன்றைக்கு நீ மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு மங்கல் வார்னிஷ் அடித்து மூடிவிட்டால், அப்புறம் எதையும் மாற்ற முடியாது.

கூமாப்பட்டி அம்மா வந்தது அதற்கெல்லாம் வெகு நாள் கழித்து. பல் செட்டு கடிக்கும்போது குத்துகிறது என்று டாக்டர் அவரை நேரே லேபுக்கே அனுப்பியிருந்தார். நான் செட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அலமாரியில் இருந்த உன் விமானத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

"இது ஆரு செஞ்சது தாயி?"

நீ கையைத் தூக்கினாய். அவர் உன் மேஜைக்கு அருகில் வந்து நின்றார். பிறகுதான் சொன்னார். மகன் விமானப்படையில் மெக்கானிக்காம். ஒரு நாள் சரக்கு விமானத்தோடு அவனும் போயிருக்கிறான். அது மலையில் விழுந்துவிட்டது.

"மூடுன பெட்டியிலதான் கொண்டாந்தாவ. எம்மவன் மொகத்தையும் பாக்கல, அவன் வேலை பாத்த பிளேனையும் பாக்கல. லீவுல வந்தப்பம் அவன் போன்ல படம் காமிச்சான். என் கண்ணுக்கு ஒண்ணுந் தெரியல."

"நான் செஞ்சு தாரேம்மா" என்றாய். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அடுத்த தடவை வந்தபோது ஒரு போட்டோ கொடுத்தார். இறக்கைக்கு அடியில் மகன் சிரித்துக்கொண்டு நிற்கிறான், கையில் துடைக்கிற துணி. அவன் தலைக்கு மேலே, இன்ஜினுக்குப் பின்னால் நீளமாக ஒரு கரிய தீற்றல்.

அந்தப் போட்டோவை மேஜையில் ஒட்டிவைத்து மாதக்கணக்கில் வேலை செய்தாய். சாம்பல் நிறத்தைக் கலந்து கலந்து பிளாஸ்டிக் கரண்டிகளில் பூசிப் பார்த்தாய். வாஷ் போட்ட அன்று எனக்கே உடம்பு சிலிர்த்தது. அது பொம்மையாகத் தெரியவில்லை. மழையிலும் வெயிலிலும் பறந்து இறங்கி இளைப்பாறுகிற ஒன்றாக இருந்தது. "வார்னிஷ் அடிச்சு மூடிரு" என்றேன். "இருக்கட்டும். அவிய பாத்த பொறவு அடிச்சுக்கிடலாம்" என்றாய். பஸ் தூசி படும், விரல் படும் என்று நான் சண்டை போட்டும் கேட்கவில்லை.

தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வத்திராயிருப்பு பஸ்ஸில் போனோம். அங்கிருந்து ஆட்டோ. அந்த அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். கூடத்தில் பாய் விரித்து, பெட்டியைத் திறந்து வைத்தாய். அவர் குனிந்து பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். முகம் சுருங்கிப் போயிற்று.

"ஏந்தாயி, இம்புட்டு அழுக்கா இருக்கு?"

போட்டோவைக் காட்டி, இதோ பாருங்கள், அப்படியேதான் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். நீ என் கையைப் பிடித்து அமுக்கினாய்.

"எம்மவன் இப்படி வச்சிருக்க மாட்டான். அவன் வேலையே துடைக்கிறதுதான். சைக்கிளையே தெனமும் துடைப்பான்."

"ஆமாம்மா, அழுக்காத்தான் இருக்கு" என்றாய். "துடைச்சிருவமா?"

பையிலிருந்து டர்பன்டைன் புட்டியையும் பஞ்சுக் குச்சிகளையும் எடுத்தாய். நீயே துடைப்பாய் என்று நினைத்தேன். குச்சியை நனைத்து, பிழிந்து, அவர் கையில் கொடுத்தாய். "முன்னாடியிருந்து பின்னாடிம்மா. காத்து போற பக்கமா."

அவர் சம்மணமிட்டு உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தார். நீ குச்சிகளை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தாய். மூக்கு, ஜன்னல்கள், முதுகு என்று உன் மாதக்கணக்கான வேலை பஞ்சில் ஏறிப் பாயில் குவிந்தது. என்னால் பார்க்க முடியவில்லை. அவர் பிள்ளைக்குத் தலை துவட்டுவது போலத் துடைத்தார். வாய்க்குள் ஏதோ பேசிக்கொண்டார். நம்மிடம் பேசவில்லை. இறக்கைக்கு வந்து, இன்ஜினுக்குப் பின்னால் அந்தக் கரிய தீற்றலில் கை நின்றது.

"இது என்னது தாயி, எண்ணெயா?"

"புகைம்மா. இன்ஜின் ஓடுனா அந்த எடத்துல படியும்."

"அப்பம் ஓடியிருக்கு."

"நல்லா ஓடியிருக்கும்மா. அவர் பாத்த இன்ஜின்லா."

குச்சியைக் கீழே வைத்தார். "அப்பம் இது இருக்கட்டும்."

கொல்லைப்புறத்தில் தென்னை நிழலில் வைத்து நீ வார்னிஷ் அடித்தாய். உலரும்வரை அவர் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்து, கோழி வராமல் விரட்டிக்கொண்டிருந்தார். அப்புறம்தான் அழுதார். நாம் கிளம்பும்வரை அழுதார். விமானத்தை மட்டும் மடியிலிருந்து இறக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில், "ஒனக்கு வருத்தமா இல்லையாட்டி?" என்று கேட்டேன்.

"பிளேன் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அந்தப் பையன் எப்படி இருப்பான்னு அவியளுக்குத்தான தெரியும்" என்றாய். ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன்.

நீ போனது இத்தனை நிதானமாக இல்லை. நெஞ்சு அடைக்கிறது என்று சொன்னாயாம், ஆஸ்பத்திரி வாசல்வரைகூடப் போகவில்லையாம். கல்லறைத் தோட்டத்துக்கு அந்த அம்மா கூமாப்பட்டியிலிருந்து வந்திருந்தார். என் தோளில் கை போட்டபடியே கடைசிவரை நின்றார்.

அதற்குப் பிறகு என் வேலையில் ஒன்று மாறியிருக்கிறது. மெழுகில் இருக்கும்வரைதான் பல்லைத் திருத்த முடியும். வார்ப்பில் போட்டுக் கெட்டியாக்கிவிட்டால் அவ்வளவுதான். அதனால் முடிக்கும் முன், முடிந்தால் ஆளை வரவழைத்துவிடுகிறேன். கூட வீட்டு ஆள் வந்தால் அவரையும் கேட்கிறேன். டாக்டர்கள் சிலர் சலித்துக்கொள்கிறார்கள். பரவாயில்லை.

போன வாரம் வத்திராயிருப்பிலிருந்து ஒரு பெரியவரும் அவர் மனைவியும் வந்தார்கள். மெழுகுப் பல்லை அவர் வாயில் வைத்துப் பார்த்தேன். வரிசை முத்துப் போல இருந்தது. எனக்கே பெருமைதான்.

"எப்படிம்மா இருக்கு?" என்றேன் அவர் மனைவியிடம்.

"நல்லாத்தான் இருக்கு" என்று இழுத்தார். "ஆனா இவிய மாதிரி இல்ல. முன்பல்லு ஒண்ணு கொஞ்சம் திரும்பி நிக்கும்."

கத்தியைச் சுடவைத்து அந்த ஒரு பல்லை மெல்லத் திருப்பினேன். என் கண்ணுக்கு அது கோணல்தான். மறுபடி வாயில் வைத்ததும் பெரியவர் வெட்கத்தோடு சிரித்தார். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஆமா" என்றார். "இப்பந்தான் இவிய."