மலரின்ர டான்சும் நான் சொன்ன பொய்யும்

சிவமயம்

ஊஸ்டர், சுவிஸ்
15.11.1987

அன்புள்ள மகன் குலேந்திரனுக்கு,

முருகன் புண்ணியத்திலை நாங்கள் மூண்டு பேரும் இஞ்சை சுகம். நீ அளவெட்டியிலை சின்னம்மா வீட்டிலை சுகமாயிருக்கிறாய் எண்ட ஒரே நினைப்போடைதான் எழுதுறன். புரட்டாதியிலை வந்த உன்ர கடிதத்துக்குப் பிறகு ஒண்டும் வரேல்லை. ஊரிலை திரும்பச் சண்டை துவங்கினதோடை தபாலும் இல்லை, போனும் இல்லை, இஞ்சை ரீவியிலை யாழ்ப்பாணம் எண்டு ஒரு படத்தைக் காட்டி உடனை எடுத்துப்போடுறாங்கள். இதைக் கொழும்புக்குப் போற வரதராசா அண்ணையிட்டைக் குடுத்து விடுறன், அங்கையிருந்து ஆரும் வவுனியா தாண்டி வந்தால் உன்ர கைக்கு வரும். அப்பா எங்கடின் எண்ட மலையூரிலை ஹோட்டல் குசினி வேலை சீசன் முடிஞ்சு வந்து நிக்கிறார், முழங்கால் நோவு கொஞ்சம் பரவாயில்லை. எனக்கு ஆஸ்பத்திரியிலை உடுப்புத் தோய்க்கிற லோன்றியிலைதான் வேலை. குளிரும் துவங்கீட்டுது. பார், ஊர்க்கதை எல்லாம் எழுதிக்கொண்டு சுத்திச் சுத்தி வாறன், எழுத வேண்டியதை எழுதக் கை கூசுது.

தம்பி, நான் உன்னைச் சாகடிச்சுப்போட்டன். வாயாலைதான் ராசா, எண்டாலும் பெத்த வாய். என்ன நடந்தது எண்டால், தங்கச்சி மலரின்ர பள்ளிக்கூடத்திலை இந்த வயசுப் பிள்ளையளுக்குச் சோடி டான்ஸ் பழக்குறவை, வால்ஸ் எண்டு ஒண்டு, இன்னும் என்னவோ பேருகள், மார்கழியிலை தாய் தேப்பனைக் கூப்பிட்டு வைச்சு ஆடிக் காட்ட வேணுமாம். பெடியன் ஒரு கையைப் பிடிச்சு மற்றக் கையை முதுகிலை போட்டுச் சுத்துறது. இது துவங்கப் போகுது எண்டு புரட்டாதியிலைதான் கேள்விப்பட்டன். பதினைஞ்சு வயசுப் பெட்டை, ஷ்லீரனிலை இருக்கிற எங்கட சனத்தின்ர காதிலை விழுந்தால் நாளைக்கு ஆர் கலியாணம் பேசி வருவினம்? அப்பாவும் அப்ப எங்கடினிலை. வேலை முடிஞ்ச கையோடை நானே தனியப் போய் ரீச்சரைக் கண்டன். எனக்குத் தெரிஞ்ச டொச் பாஷை லோன்றியிலை பழகினது. சமயம் விடாது எண்டன். அந்த மனுசி நல்ல மனுசி, அப்ப பெட்டையளோடை ஆடட்டும், இல்லாட்டி நான் அவளோடை ஆடுறன் எண்டு சொல்லிச்சுது. அதுக்கு என்னத்தைச் சொல்லுறது? சாவுத் துடக்கு எண்டு சொல்லுவம் எண்டு மூளை ஓடிச்சுது. பெரியப்பா முறையிலை ஒருத்தர் செத்தது எண்டால் முப்பத்தொண்டாம் நாளோடை முடிஞ்சிடும், ஆட்டமோ மார்கழி மட்டும் இருக்கு, ஆண்டுத்திவசம் மட்டும் துக்கம் காக்க வேணுமெண்டால் வீட்டுக்குள்ளை ஒரு சாவு வேணும். அண்ணன் செத்துப்போனான், ஒரு வருசத்துக்கு ஆட்டம் பாட்டு இல்லை எண்டு சொல்லிப்போட்டன். ஊரிலை அப்ப சமாதானம், உன்ர கடிதமும் என்ர கைப்பைக்குள்ளை இருக்கு, அதாலை பயமில்லாமல் சொன்னன். என்ர நாக்கிலை அண்டைக்கு ஆர் இருந்தது எண்டு தெரியேல்லை.

ரீச்சர் என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதவ. மலருக்கு நான் வந்துதான் சொன்னன். ஏனம்மா அண்ணையைச் சொன்னனீங்கள் எண்டு மட்டும் கேட்டாள். மற்றவை சுத்திச் சுத்தி ஆட இவள் வாங்கிலை பையை மடியிலை வைச்சுக்கொண்டு இருந்திருக்கிறாள், பிள்ளையள் வந்து வந்து தலையைத் தடவுவினமாம். ரண்டு கிழமையாலை ஊரிலை சண்டை எண்டு செய்தி வந்துது. அண்டையிலை இருந்து எனக்குச் சோறு இறங்கேல்லை.

போன சனிக்கிழமை மலரோடை ஆட இருந்த பெடியன்ர தாய் வெள்ளைப் பூவும் மெழுகுதிரியும் கொண்டு வீட்டை வந்திருக்கிறா. நான் வேலையிலை, அப்பாதான் கதவைத் திறந்தவர். அந்த மனுசி அவரின்ர ரண்டு கையையும் பிடிச்சு, இந்த மனுசனுக்கு விளங்கவேணுமெண்டு ஆறுதலாய்ச் சொல்லியிருக்கிறா, உங்கட மகன், இவ்வளவு சின்ன வயசிலை எண்டு. நான் வரேக்கை அவர் படிக்கட்டிலை பூவோடை இருக்கிறார். "எப்ப உனக்குச் செய்தி வந்தது, ஏனப்பா எனக்கு ஒளிச்சனி?" எண்டு கேட்டார். அவர் அப்பிடி அழுது நான் ஒருநாளும் காணேல்லை. அந்தப் படியிலை நிண்டுதான் எல்லாத்தையும் சொன்னன். ஒரு அடி அடிச்சிருந்தாலும் மனம் ஆறியிருக்கும், எழும்பி உள்ளுக்குப் போனவர்தான், இண்டைக்கும் என்னோடை கதையில்லை. ரீவிக்கு மேலை இருக்கிற உன்ர படத்துக்கு முன்னாலை அந்தத் திரியைக் கொளுத்தி வைச்சிருந்தார். விளக்கை வாயாலை ஊதாதையுங்கோ எண்டு உங்களுக்குப் படிப்பிச்ச நானே அதை ஊதி நூத்தன்.

திங்கட்கிழமை மலரையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனன், உந்தக் கதைக்கு லோன்றி டொச் காணாது. மகன் சாகேல்லை, பெட்டை ஆடக்கூடாது எண்டு பொய் சொன்னனான், என்னை மன்னியுங்கோ எண்டு சொன்னன், மலர் தலையைக் குனிஞ்சுகொண்டு டொச்சிலை சொன்னாள். ரீச்சர் ஏசுவா எண்டு பாத்தன். ஏசேல்லை, முகமெல்லாம் மலர்ந்துபோய் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு ஒண்டு கேட்டவ. மலர் அதை எனக்குத் தமிழிலை சொன்னாள். "அப்ப உங்கட மகன் சுகமாயிருக்கிறாரோ எண்டு கேக்கிறா அம்மா."

ஓம் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லையடா தம்பி. செத்துப்போனான் எண்டு சொல்ல வந்த வாய்க்கு, இருக்கிறான் எண்டு சொல்ல வரேல்லை. மலர் என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டாள், ரீச்சரும் பாத்துக்கொண்டு நிண்டவ. இனி நீ ஆடலாம் பிள்ளை எண்டு பேந்து வீட்டை வந்து சொன்னன், அண்ணையின்ர கடிதம் வந்தாப் போலை ஆடுறன் எண்டாள். பிள்ளை இப்பவும் அந்த வாங்கிலைதான் இருக்கிறாள்.

சின்னம்மாவை விட்டிட்டு ஒரு இடமும் போகாதை. இருட்டினாப் பிறகு றோட்டிலை நிக்காதை, பசி கிடக்காதை. வரதராசா அண்ணையிட்டை ஒரு சுவெற்றர் குடுத்திருக்கிறன், அங்கை தேவைப்படாது, எண்டாலும் வைச்சிரு. உனக்கு ஆயுசு நூறாய் இருக்க வேணுமெண்டு விடியப்புறமும் பொழுதுபடவும் கும்பிடுறன். இது கிடைச்ச உடனை ஆரிட்டையாவது ஒரு துண்டு எழுதிக் குடுத்துவிடு. அம்மாவை ஏசி எழுதினாலும் காரியமில்லை, உன்ர கையெழுத்தாய் இருக்கவேணும், அதைக் கொண்டுபோய் அந்த ரீச்சருக்குக் காட்டி ஓம் எண்டு சொல்லவேணும்.

உன்னைப் பெத்த அம்மா
தி. புனிதவதி