சாவி ஊதும் ஊர்

தங்கைக்கு,

இத்தனை வருஷம் எழுதாதவள் இப்போது எழுதுகிறேன் என்று பெரிதாக எண்ணிக்கொள்ளாதே. என் கணவர் இருந்தவரை மேடையில் பாடுகிறவளுக்கு எங்கள் வீட்டில் இடமில்லை. அவர் இறந்துவிட்டார். ஆனாலும் நான் நாடகசாலைப் படி ஏறுகிறவள் அல்ல.

ரூவான் நகருக்கு வரும் பாடகி மூன்று முறை பாடிக் காட்ட வேண்டும், மூன்றாம் முறையும் ஊர் பிடிக்கவில்லை என்று விசிலடித்தால் பெட்டியைக் கட்ட வேண்டும் என்பது எனக்கும் தெரியும். பாரிஸில் பாடிய உன்னையுமா, அதுவும் ஐம்பது வயதில், நிறுத்திப் பார்க்கிறார்கள்?

செவ்வாய்க்கிழமை, நீ இரண்டாம் முறை பாடியபோது, நாடகசாலை மேல்மாடத்தில் ஒரு துணி வியாபாரி, வீட்டுச் சாவியின் துளையில் வாய்வைத்து விசிலடித்தானாம். "பாட்டிக்குப் பதினாறு வயசுப் பொண்ணு வேஷமா? வீட்டுக்குப் போய் சூப்பு வைம்மா!" என்று கத்தினானாம். பக்கத்திலிருந்த துக்கக் கறுப்பு உடைக் கிழவி சாவியைப் பிடுங்கி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாளாம்.

"ஏய் கிழவி, சாவியக் குடு! நான் எப்படி வீட்டுக்குள்ள போறது?"

"வாசல்ல நின்னு விசிலடி. உன் பொண்டாட்டி ரசிச்சா கதவத் திறப்பா."

மாடமே சிரித்ததாம். அவள் நம்மைப் போலக் கன்னியர் மடத்தில் படித்தவளாக இருக்க முடியாது.

இரண்டாம் அங்கத்தில் மூச்சுக்காகத் தோளைத் தூக்கினாய். சிறு வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம்.

வியாழக்கிழமை மூன்றாம் முறை. உச்ச சுரம் பிடிக்கும்போது மேல்மாடத்தை மட்டும் பார்க்காதே. அங்கே ஒருத்தி அழுதுகொண்டிருப்பாள். பார்த்தால் உனக்குத் தொண்டை அடைத்துவிடும்.

உன் அக்கா