சிலாந்தோயின் அப்பாவுக்கு

நைரோபி
6 மார்ச் 1995

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். எழுதினால்தானே தெரியும்? கிறிஸ்துமஸுக்கு வருவேன் என்று எழுதினீர்கள். உங்களுக்குப் பதிலாக ஒரு மூட்டை சர்க்கரை வந்தது. அம்மா அதைத்தான் இன்னும் டீயில் போட்டுக் குடித்துக்கொண்டு உங்களைத் திட்டாமல் இருக்கிறாள்.

முதலில் நல்ல சேதி. சுவிட்சர்லாந்தில் ஒரு மலை ஓட்டலில் எனக்கு ஒரு வருஷப் பயிற்சி கிடைத்துவிட்டது. எங்கள் ஓட்டல் கல்லூரியிலிருந்து இந்த வருஷம் போகிறவள் நான் ஒருத்திதான். ஜூன் தொடக்கத்தில் விமானம்.

இரண்டாவது சேதியைக் கேட்டால் சிரிப்பீர்கள். போவதற்கு முன்னால் நான் மாரா சரணாலயத்துக்கு வருகிறேன். நீங்கள் வண்டி ஓட்டும் சஃபாரி முகாமுக்கே, விருந்தாளியாக! மழைக்காலத்தில் உள்ளூர்க்காரர்களுக்குப் பாதி விலையாம். சனி ஞாயிறுகளில் கல்யாண வீடுகளில் பரிமாறிச் சேர்த்துவிட்டேன். தனியாகத்தான் வருகிறேன். தோழிகள் கேலி செய்கிறார்கள். "காசு குடுத்து மிருகம் பாக்கப் போறியா? எங்க ஊருக்கு வாடி, எங்க மாமாவ சும்மாவே காட்டுறேன்" என்கிறாள் ஒருத்தி. இருபது வருஷமாக உலகத்துக்கெல்லாம் யானை காட்டுகிறீர்கள். சொந்த மகளுக்கு ஒரு தடவை காட்டக்கூடாதா?

மூன்றாவது, கெஞ்சல். வழியனுப்ப அம்மா ஒரு மட்டாட்டு வேன் பேசிவிட்டாள். சர்ச் பெண்கள் பாட்டுப் பயிற்சியில் இருக்கிறார்கள். நம் ஊர் கிமிலிலியில் பாதிப் பேர் விமான நிலையத்துக்கு வந்துவிடுவார்கள் போலிருக்கிறது. அன்றைக்கு நீங்கள் அம்மா பக்கத்தில் நிற்கவேண்டும். நாம் மூன்று பேரும் சேர்ந்த படம் ஒன்றுகூட நம் வீட்டில் இல்லை. எனக்கு அந்தப் படம் வேண்டும் அப்பா. வேறு எதுவும் வேண்டாம்.

உங்கள் மகள்,
நசிமியு


மாரா
2 ஏப்ரல் 1995

அன்பு மகள் நசிமியுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்து அழுதேன். என் மகள் விமானத்தில் போகிறாள்! கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும்.

ஆனால் மாரா இப்போது வேண்டாம் மகளே. மழை பிடித்துவிட்டது. கறுப்பு மண் சக்கரத்தை விழுங்குகிறது. இந்த மழையில் இங்கே வருகிறவர்கள் வெள்ளைக்காரப் பைத்தியங்கள் மட்டும்தான். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல கம்பளிக் கோட்டு வாங்கு. மீதி நாட்களை அம்மாவோடு இரு.

நீ சொன்னால் கேட்கமாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். வந்தே தீருவாய் என்றால் ஒன்று செய். என் மகள் என்று யாரிடமும் சொல்லாதே. வேலைக்காரர்களின் குடும்பம் முகாமில் தங்குவது முதலாளிக்குப் பிடிக்காது. மற்ற விருந்தாளிகளைப் போலவே இரு. உன்னை என் வண்டியிலேயே போடும்படி பார்த்துக்கொள்கிறேன்.

விமான நிலையத்துக்குக் கட்டாயம் வருவேன். அம்மாவிடம் சொல்.

உன் அப்பா


நைரோபி
15 மே 1995

அப்பாவுக்கு,

நைரோபி வந்து சேர்ந்தேன். முகாமுக்குப் பக்கத்துத் தலேக் ஊர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் பஸ் புதைந்து, எல்லோரும் இறங்கித் தள்ளினோம். என் செருப்பு ஒன்று சேற்றோடு போய்விட்டது. அதற்கு நான் அழவில்லை.

முதல் நாளைப் பற்றி நன்றி சொல்லிவிடுகிறேன். நீங்கள் எனக்குப் பின் கதவைத் திறந்துவிட்டு, "வாங்க மேடம்" என்றபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. நானும் "நன்றி மிஸ்டர் மகோகா" என்றேன். முகாமைத் தாண்டியதும் நாம் சிரித்த சிரிப்பில் வரிக்குதிரைகள் ஓடின. யானைக் கூட்டம் ஓடையைக் கடந்ததே, குட்டி வழுக்கி வழுக்கி விழ, பின்னால் வந்த பெரியது தும்பிக்கையால் ஏற்றிவிட்டதே. நீங்கள் என்னைவிடச் சந்தோஷமாகப் பார்த்தீர்கள். இந்த மனிதர் வருஷக்கணக்கில் வீட்டுக்கு வராததற்கு இதுதான் காரணம் என்றால் மன்னித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் காலை வண்டியில் அந்த வயர்லெஸ். இன்னொரு வண்டி ஓட்டும் உங்கள் நண்பர் முசெம்பிதானே பேசியது? அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

"ஏய் சிலாந்தோய் அப்பா, கேக்குதா? மீசைக்காரரு ரெண்டு பேரு ஆத்தங்கரைல படுத்திருக்காங்க, உன் வெள்ளைக்காரியக் கூட்டிட்டு வா. அப்புறம், புள்ளைக்கு ஜுரம் விட்டுருச்சாம்யா. தலேக்ல உன் வீட்டுக்காரம்மாவப் பாத்தேன். புள்ள கஞ்சி குடிச்சாளாம், அப்பா எங்கன்னு கேட்டாளாம். இன்னைக்காவது போய்த் தலையக் காட்டு."

பாவம், அவர்மேல் தப்பில்லை. மழையில் தனியாக வருகிறவள் வெள்ளைக்காரியாகத்தான் இருப்பாள், சுவாஹிலி புரியாது என்று நினைத்துவிட்டார். சிங்கத்தை மட்டும் நீங்களெல்லாம் மீசைக்காரர் என்று மறைத்துச் சொல்வீர்கள், வந்தவர்கள் ஏமாறக்கூடாதென்று. மற்றதெல்லாம் பச்சையாகவே பேசுவீர்கள் போலிருக்கிறது.

நம் ஊரில் உங்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. என் பெயரை வைத்து நீங்கள் நசிமியு அப்பா. அம்மா நசிமியு அம்மா. வீட்டில் கோழி அடித்தால் வீட்டுத் தலைவருக்கான இரைப்பை இன்னும் உங்களுக்கென்று தனியாக எடுத்துவைக்கப்படுகிறது. மூன்றாம் நாள் நாய்க்குப் போகிறது. அங்கே நீங்கள் இன்னொருத்தியின் அப்பா.

நீங்கள் வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டு, சிங்கங்களிடம் கூட்டிப்போனீர்கள். வண்டியை நிறுத்திவிட்டு, அவற்றின் வயது, எடை எல்லாம் ஆங்கிலத்தில் சொன்னீர்கள். என்னிடம்! அதற்குப் பிறகு முகாமுக்குத் திரும்புகிறவரை நீங்கள் நம் மொழி பேசவேயில்லை. அதுதான் எனக்கு மிகவும் வலித்தது. முதலாளிக்குப் பிடிக்காது என்று எழுதினீர்களே, அது முதலாளி இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என்னையும் உதவிக்குச் சேர்த்துக்கொண்டீர்கள்.

ஜூன் 3 என் பயணம். அதற்குள் ஊருக்குப் போய் அம்மாவிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். சொல்லிவிட்டு விமான நிலையத்துக்கு வாருங்கள். அவள் பக்கத்தில் நிற்கவிட்டால் நில்லுங்கள். சொல்லாமல் வந்து அவள் தோளை அணைத்துக்கொண்டு படத்துக்குச் சிரிக்கவேண்டாம். அதற்கு வராமலே இருக்கலாம்.

நசிமியு


மாரா
24 மே 1995

என் மகளே,

நீ எழுதியதெல்லாம் உண்மை.

சீசனில் ஊருக்கு வரமுடியாது. மழையில் வந்தால் சம்பளம் இல்லை. வெறுங்கையோடு வர வெட்கப்பட்டு ஒரு வருஷம் வரவில்லை. பிறகு வராததற்கு வெட்கப்பட்டு வரவில்லை. தலேக்கில் கடை வைத்திருக்கும் நசேரியன் என்ற பெண், நான் காய்ச்சலில் கிடந்தபோது பார்த்துக்கொண்டாள். இதை நியாயம் என்று சொல்லவில்லை. நடந்தது இதுதான்.

சிலாந்தோய்க்கு நாலு வயது. உன் ஜாடை அப்படியே. உனக்கு ஒரு அக்கா இருக்கிறாள், பெரிய விமானத்தில் போகப்போகிறாள் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து எந்தக் கழுகு பறந்தாலும் கை ஆட்டுகிறாள்.

அம்மாவிடம் நானே சொல்கிறேன். முப்பதாம் தேதிக்குள் ஊருக்குப் போய்விடுவேன். சத்தியமாக. அதற்குள் நீ அவளுக்கு எதுவும் எழுதிவிடாதே. உனக்குப் படம் கிடைக்கும்.

உன் அப்பா


சுவிட்சர்லாந்து
9 ஜூலை 1995

சிலாந்தோயின் அப்பாவுக்கு,

இங்கே மலையும் மழையும்தான். நாள் முழுக்கப் படுக்கை விரிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அழுகிறேன்.

அன்றைக்கு விமான நிலையத்தில் அம்மாவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. புதுத் துணி, தலையில் புதுக் கட்டு. விஷயம் தெரிந்தவள் அப்படி வரமாட்டாள். நீங்கள் ஊருக்கே போகவில்லை. படம் பிடிப்பவர் அவசரப்படுத்தினார். "இருப்பா, அவரு வந்துக்கிட்டே இருக்காரு. மழையில வண்டி மாட்டியிருக்கும்" என்று அவரைப் பிடித்துவைத்திருந்தாள். பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது, அறிவிப்பும் வந்துவிட்டது. கடைசியில் படம் எடுத்தபோது தன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விடச்சொன்னாள். சர்ச் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் மட்டும் யாரையும் பார்க்கவில்லை.

நீங்கள் வரவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். விமானப் படியில் ஏறும்போது, வழியனுப்புகிறவர்கள் நிற்கும் மாடியைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு கோடியில் நம் ஊர்க் கூட்டம். மறு கோடியில், தூணுக்குப் பின்னால், முகாமின் பச்சை ஸ்வெட்டரோடு நீங்கள். உங்கள் தோள்மேல், சிவப்புத் துணி கட்டிய ஒரு சின்னப் பெண். அவ்வளவு தூரம் வந்தீர்கள், அப்பா. அந்த மாடியின் நீளத்தை உங்களால் நடக்க முடியவில்லை.

அவள் இரண்டு கையையும் ஆட்டினாள். நானும் கையைத் தூக்கினேன்.

போன வாரம் அம்மாவிடமிருந்து கடிதம். "நீ படியில நின்னு கை ஆட்டுனத நான் பாத்தேன்டி. இவ்ளோ கூட்டத்துல என்னையே தேடிப் பாத்து ஆட்டுன. அது போதும் எனக்கு" என்று எழுதியிருக்கிறாள். நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவளுக்கு வந்துசேரவேண்டியது இன்னொன்றும் தவறிப் போயிற்று. இந்தத் தடவை அதைச் செய்தவள் நான்.

அதைப் படித்த பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. அவளுக்கும் ஒரு கடிதம் எழுதிவிட்டேன். வயர்லெஸ், தலேக், தூண், எல்லாவற்றையும். நான் யாருக்குக் கை ஆட்டினேன் என்பதையும். இரண்டும் ஒரே தபாலில் வருகின்றன. எனக்கு முன்னால் சொல்ல இனி உங்களுக்கு நேரமில்லை.

எனக்குப் பதில் எழுதவேண்டாம். வந்தாலும் பிரிக்கமாட்டேன்.

அக்கா தன்னைப் பார்த்துத்தான் கை ஆட்டினாளா என்று சிலாந்தோய் கேட்டால், ஆமாம் என்று சொல்லுங்கள். அது பொய்யில்லை.

நசிமியு