எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுப் பார்

என் மகனுக்கு, அப்பா சொல்லி உன் தங்கை எழுதும் கடிதம். இங்கே எல்லாரும் நலம் என்று முதல் வரியில் போடட்டுமா என்று அவள் கேட்டாள், போடு, அது பாதிப் பொய் என்றும் சேர்த்துப் போடு என்றேன். உன் அம்மாவுக்குக் கழுத்திலிருந்து இடுப்புவரை வேர்க்குரு. உன் தங்கை தையல் மிஷினில் உட்கார்ந்தால் துணியோடு கை ஒட்டிக்கொள்கிறது. நான் ஒரு நாளைக்கு மூன்று முறை குளிக்கிறேன், மூன்று முறையும் துவட்டி முடிப்பதற்குள் மறுபடி நனைந்துவிடுகிறேன். சுவர் வேர்க்கிறது, ஜாடியில் உப்பு தண்ணீராகிக் கிடக்கிறது, முந்தாநாள் காயப்போட்ட துணி இன்னும் ஈரமாக இருந்து வாடை அடிக்கிறது. மின்விசிறி சுற்றத்தான் சுற்றுகிறது, கொதிக்கிற குழம்பைக் கரண்டி கிளறுகிற மாதிரி அறையில் இருக்கிற சூட்டையே கிளறிக் கிளறி நம்மேல் ஊற்றுகிறது. இது எங்கள் நலம். உன் நலத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. கண்ணாடி அறைக்குள் ஏசிக்கு அடியில் உட்கார்ந்து அடுத்தவனிடம் வேலை வாங்குகிறவனுக்கு என்ன குறை வந்துவிடும்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ நடுவில் பேசுவாய், நான் கத்துவேன், நீ சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய். ஞாயிற்றுக்கிழமை அப்படித்தானே செய்தாய். காகிதத்தின் நடுவில் நீ பேச முடியாது. தபாலில் போட்டால் பத்து நாளாகும் என்பதால் இவள் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறாள், இன்றே உன் கைக்கு வந்துவிடும். உட்கார்ந்து கடைசிவரை படி.

நீ சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறேன், எனக்கு எழுத்துத்தான் தெரியாது, காதில் விழுந்தது எதுவும் போகாது. உன் கிடங்கில் தகரக் கூரை, நாலு நாளாக அனல், பின்கதவு இரண்டையும் பூட்டித்தான் வைத்திருக்கிறோம், திறந்தால் சரக்கு திருடு போகும் என்றாய். லோடு சீக்கிரம் முடியட்டும் என்று பதினொரு மணி ஓய்வை ஒரு மணிக்குத் தள்ளி வைத்தேன் என்றாய். அதைச் சொல்லும்போது உன் குரலில் ஒரு பெருமை இருந்தது, இல்லை என்று சொல்லாதே. பெட்டி தூக்குகிற ஒருவர் தப்பான வரிசையில் கொண்டுபோய் அடுக்கிக்கொண்டே இருந்தார், என்னய்யா செய்றே என்று கேட்டதற்கு அவர் 'என் ஸ்டாப் வந்துட்டா சொல்லுங்க சார், இறங்கணும்' என்றாராம். இதைச் சொல்லிவிட்டு நீ சிரித்தாய். 'என்னையே நக்கல் பண்றான்ப்பா, எவ்வளவு திமிர் பாருங்க, போய் வாசல்ல வெயில்ல நில்லு, புத்தி வரட்டும்னு அனுப்பிட்டேன்' என்றாய். இருபது நிமிடத்தில் அவர் விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரியில் மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை, அவர் மனைவி வராந்தாவிலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்றும் நீதான் சொன்னாய். அதற்குப் பிறகு சொன்னாய் பார் ஒன்று. குடித்துவிட்டு வேலைக்கு வந்திருந்தார் என்று ஆபீசில் ஒரு காகிதம் தயார் செய்திருக்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் சூப்பர்வைசர் கையெழுத்து வேண்டும், 'ஒரு கையெழுத்துதானேப்பா' என்றாய். குடித்திருந்தாரா என்று கேட்டேன். 'அதெல்லாம் யாருக்குத் தெரியும்' என்றாய். உனக்குத் தெரியும். ஒரு அடி தூரத்தில் நின்று பேசியிருக்கிறாய், உனக்கு மூக்கு இல்லையா.

அடே, அந்த மனுஷர் உன்னை நக்கல் பண்ணவில்லை. அந்த நேரத்தில் அவர் நிஜமாகவே பஸ்ஸில்தான் உட்கார்ந்திருந்தார். மூளை வெந்துபோனால் ஆள் அப்படித்தான் பேசுவான். இது உனக்குத் தெரியாமல் போனதற்கு நானும் ஒரு காரணம், ஏனென்றால் நான் உனக்கு ஒரு விஷயத்தை முப்பத்தெட்டு வருஷமாகப் பொய்யாகச் சொல்லி வைத்திருக்கிறேன். என்னோடு சலவை ஆலையில் இருந்த வெடி என்கிற கூட்டாளி செத்தது உருளையில் கை மாட்டி என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, அது இல்லை.

நாங்கள் வேலை பார்த்த அறையில் ஒரு பக்கம் கொதிகலன், நடுவில் நீராவி உருளை, ஆஸ்பத்திரிப் போர்வைகள் ஈரமாக ஒரு பக்கம் போய் மறுபக்கம் காய்ந்து வரும். அந்த ஈரம் எல்லாம் எங்கே போகும், எங்கள் மூக்குக்குள்தான். வெள்ளைத் துணியில் கரி படியும் என்று ஜன்னல்களை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். வேர்வை ஊற்றும், ஆனால் காயாது. காயாத வேர்வையால் உடம்புக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, வெறுமனே நனைந்துகொண்டே வேக வேண்டியதுதான். அதனால் எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. மணிக்கு ஒரு தடவை கொதிகலன்காரர் விசில் ஊதுவார், ஊதினதும் ஜோடியாக நிற்கிற இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டும், உனக்கு எத்தனை பிள்ளைகள். அவ்வளவுதான். சரியாகச் சொன்னால் உப்புப் போட்ட தண்ணீர் ஒரு செம்பு குடித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். தப்பாகச் சொன்னாலோ, யோசித்தாலோ, எதற்குடா கேட்கிறே என்று எரிந்து விழுந்தாலோ, ஒரு பேச்சும் பேசாமல் ஆளை வெளியே இழுத்துக்கொண்டு போய்த் தொட்டித் தண்ணீரைத் தலையிலிருந்து ஊற்றி, இரண்டு பேர் போர்வையைப் பிடித்து விசிற வேண்டும். மேஸ்திரிகூட அதைத் தடுக்கமாட்டார். அப்படி இழுத்துப் போட்டு எழுந்து வந்தவர்கள் என் கணக்கில் ஒன்பது பேர், நானும் அதில் ஒருவன்.

வெடி என் ஜோடி. வாயைத் திறந்தால் வெடிக்காமல் இருக்க மாட்டான், அதனால் அந்தப் பேர். அவனிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் ஒரு நாளும் நேராகச் சொன்னதில்லை. 'எந்த வீட்டுல கேக்குறே' என்பான். 'காலையில கிளம்பும்போது மூணு, இப்ப என்ன நிலவரமோ' என்பான். 'உன்னையும் சேத்தா சேக்காமயா' என்பான். விசில் ஊதினால் அவன் என்ன சொல்லப்போகிறான் என்று பார்க்க அறை முழுக்க காதை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டாவது விசில். நான் கேட்டேன். அவன் என்னைப் பார்த்து, 'பிள்ளையா, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே அண்ணே' என்றான். அறையே விழுந்து விழுந்து சிரித்தது, எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். அவன் சிரிக்கவில்லை. வழக்கமாகத் தன் பேச்சுக்குத் தானே முதலில் சிரிக்கிறவன். அத்தோடு என்னைவிட இரண்டு வயது மூத்தவன், என்னை ஒரு நாளும் அண்ணே என்றதில்லை. அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் இருந்தது, நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இன்னும் பன்னிரண்டு போர்வை ஓடியது, பதின்மூன்றாவதை உருளையில் விடும்போது அப்படியே முகம் குப்புற விழுந்தான். நாங்கள் தண்ணீர் ஊற்றியபோது அவன் உடம்பிலிருந்து எழுந்த சூடு என் உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது.

இதோடு முடியவில்லை. மூன்றாம் நாள் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். 'வேலை நேரத்துல செத்தான்னுதான் எழுதியிருக்கு, கைநாட்டு வை' என்றார். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் வாசலில் லாரிக்காரர் நின்றார், கணக்கு எழுதுகிறவர் இருந்தார், யாரையாவது படித்துக் காட்டச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதில் என்ன இருக்கும் என்று என் மனசுக்குத் தெரிந்திருந்தது, காது கேட்டுவிட்டால் கை வராது என்பதால் கேட்காமல் வைத்தேன். அடுத்த மாதம் வெடியின் பெண்டாட்டி அந்தக் காகிதத்தின் நகலோடு நம் வீட்டுக்கு வந்தாள். நின்றபடியே, 'அண்ணே, அவரு டீயைக்கூட ஆற வச்சுத்தான் குடிப்பாரு, அவரையா குடிச்சிட்டு வந்தாருன்னு சொன்னீங்க' என்று கேட்டாள். உன் அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், அவள் வாங்கவில்லை. போய்விட்டாள், அந்த ஊரிலேயே அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவில்லை. தேடினேனா என்று கேட்காதே.

இப்போது புரிகிறதா நான் ஏன் கத்தினேன் என்று. நான் சிரித்தேன், நீயும் சிரித்தாய். நான் சிரித்ததோடு நின்றேன், நீ சிரித்துவிட்டு அந்த ஆளை வெயிலில் வேறு நிறுத்தினாய். உன்னைப் படிக்க வைத்தது இதற்கா. நான் படிக்கத் தெரியாது என்று சொல்லி ஒளிந்துகொண்டேன், உனக்கு ஒளிந்துகொள்ள அந்த இடமும் கிடையாது, அந்தக் காகிதத்தின் ஒவ்வொரு எழுத்தும் உனக்குத் தெரியும். இன்னொன்றும் கேள். வைத்தியம் பார்க்கிற டாக்டரிடமும் குடி என்றுதானே சொல்லியிருப்பீர்கள். போதை தெளியட்டும் என்று அவர் சும்மா விட்டிருந்தால் என்ன செய்வாய். எத்தனை மணிக்கு உளறினார், எத்தனை நேரம் வெயிலில் நின்றார், என்ன குடிக்கக் கொடுத்தீர்கள் என்பது உனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த டாக்டரிடம் உன் வாயால் சொல். அதற்கு முன்னால் கிடங்குக்குப் போன் போட்டுப் பின்கதவுகளைத் திறக்கச் சொல், திருடன் வந்தால் பெட்டிதான் போகும். பதினொரு மணி ஓய்வு பதினொரு மணிக்கே இருக்கட்டும். ஆட்களை இரண்டு இரண்டு பேராக நிறுத்து, மணிக்கு ஒரு தடவை கேட்டுக்கொள்ளச் சொல். தமாஷாகப் பதில் சொல்கிறவனை முதலில் வெளியே கூட்டிக்கொண்டு போ.

இந்த இடத்தில் உன் தங்கை பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். 'அண்ணனுக்கு வேலை போயிடும்பா' என்கிறாள். போகட்டும், எழுது என்கிறேன். அவள் அழுதுகொண்டே எழுதுகிறாள், எழுத்துக் கோணலாக இருந்தால் அது வேர்வையால் மட்டும் அல்ல. நீ அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் சனிக்கிழமை காலையில் நான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போடுவேன், நம்பரை இவள் தேடி எடுத்து வைத்திருக்கிறாள். வராந்தாவில் இருக்கிற அந்தப் பெண்ணைக் கூப்பிடச் சொல்லி, என் மகன் தன் வாயாலேயே என்னிடம் சொன்னது இது என்று ஒரு வார்த்தை விடாமல் சொல்வேன். எங்கே கூப்பிட்டாலும் வந்து சொல்வேன். பெற்ற அப்பன் செய்கிற காரியமா என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். ஒரு குடும்பத்துக்கு நான் செய்தது போதும்.

உன் அம்மாவை மறந்துவிடாதே, உன்னைத் திட்டுகிற சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து வந்து இவ்வளவு நேரமும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னோடு பேசவில்லை, பிள்ளையை அப்படிப் பேசிவிட்டேனாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள், வெளியே போனால் தொப்பி போட்டுக்கொள், தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதே, வேளைக்குச் சாப்பிடு. நீயும் உன் மனைவியும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் அவளுக்கும் இரண்டாம் பேச்சு இல்லை, அந்த ஆசீர்வாதம் கோபத்தில் குறைகிற வகை அல்ல. கடைசியாக எதையாவது சேர்க்கணுமா என்று உன் தங்கை கேட்டாள், நான் இல்லை என்றேன். உன் அம்மா, 'நான் பெத்தது கையெழுத்துப் போடாதுன்னு எழுதும்மா' என்றாள்.

அவள் அப்படிச் சொல்கிறாள். நான் வெள்ளிக்கிழமைவரை பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் தீராத
உன் அப்பா