நேரில் வந்து மறுக்கலாம்

மாண்புமிகு சீனியருக்கு,

உன் பதினொரு நாள் ஜூனியர் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். உன் நலத்தை நீயாக எழுதினால்தானே தெரியும்? இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் போடாமல் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறாய்.

கிழக்குப் பக்கத்துத் தெருக்களில் நாற்பது நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை. பழைய லைனில் அடைப்பு. வால்வுகளையெல்லாம் மூடினால்தான் சரி செய்ய முடியும். வால்வு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. வரைபடத்தில் இருக்கிற இடத்தை மூன்று முறை தோண்டிவிட்டார்கள். எப்படிக் கிடைக்கும்? அந்த மழை வருஷத்தில் எட்டு வால்வுகளை இடம் மாற்றியது நீயும் நானும். வரைபடத்தை அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்றவன் நீ. சரி என்று தலையாட்டியவன் நான். அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் ஓடிப்போய் இரண்டு பேரும் ரிட்டையரும் ஆகிவிட்டோம்.

ஒரு வருஷத்துக்கு என்னைத் திரும்ப வேலைக்கு எடுக்க நம் குடிநீர் ஆபீஸில் ஆசைப்படுகிறார்கள். நானும் வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போனவன்தான். ஆனால் பென்ஷன் வாங்குகிறவன் நினைத்தவுடன் உள்ளே நுழைய முடியாதாம். அந்தப் பதவியில் ஓய்வு பெற்றவர்களில் மூத்தவரை முதலில் கேட்க வேண்டும், அவருடைய மறுப்பு கோப்பில் ஏற வேண்டும் என்கிறது விதி. மூத்தவர் யார்? நீ. எனக்குப் பதினொரு நாள் முன்னால் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய். அந்தப் பதினொரு நாளை வைத்துக்கொண்டு காலமெல்லாம் ஜீப்பில் முன் சீட்டில் நீ உட்கார்ந்தாய், குழியில் என்னை இறக்கினாய். ரிட்டையர் ஆன பிறகும் விடமாட்டேன் என்கிறாயே.

பக்கவாதம் வந்து வலது கை விழுந்து, மகள் வீட்டோடு போய்விட்டவரை எதற்கு அம்மா கேட்கிறீர்கள், ஊருக்கே தெரியுமே என்று பணியாளர் பிரிவு எழுத்தர் அம்மாவிடம் சொன்னேன். ஊருக்குத் தெரியும் சார், கோப்புக்குத் தெரியாதே என்றாள். பொல்லாதவள் இல்லை. ஆனாலும் எனக்குத் தலை சுற்றிவிட்டது.

சரி, வரைந்தாவது தருகிறேன் என்றேன். அதுவும் வேலைதானாம். ஆர்டர் வராமல் எதையும் செய்யக்கூடாதாம். போன வாரம் முடிவெட்டும் கடையில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருக்கிறேன், எதிரே தப்பான இடத்தில் கடப்பாரை போடுகிறார்கள். பொறுக்கவில்லை. வாசலுக்கு வந்து குடையை நீட்டிச் சரியான இடத்தைக் காட்டினேன். எட்டில் ஒரு வால்வு கிடைத்தது, மற்ற ஏழும் இன்னும் மண்ணுக்குள்தான். மறுநாளே அனுமதியின்றிப் பணியில் ஈடுபட்டதற்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. காட்டியது குடை, குடைக்குப் பென்ஷன் கிடையாது என்று பதில் எழுதினேன். வீட்டுக்காரி அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, மரியாதையாக வேறு எழுதச் சொன்னாள்.

மறுப்புக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, நிரந்தரமாகத் தகுதியற்றவர் என்று டாக்டர் சான்றிதழ். இல்லையென்றால் அதிகாரி முன்னால் நேரில் வந்து மறுக்கலாம். சுலபமாக இருக்கட்டுமே என்று இரண்டு கடிதத்திலும் படிவத்தை வைத்துச் சான்றிதழைத்தான் கேட்டிருந்தேன்.

நேற்று உன் மகள் போன் செய்தாள். இரண்டு கடிதத்தையும் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாயாம். டாக்டர் வீட்டுக்கே வந்தும் கையெழுத்துப் போட விடாமல் அனுப்பிவிட்டாயாம். தினமும் காலையில் இடது கையால் உன் பெயரை எழுதிப் பழகுகிறாயாம். கேட்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு மாதமாக உன்னைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். நிரந்தரமாகத் தகுதியற்றவன் என்று என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டியிருந்தால் நானும் கையெழுத்துப் போட விட்டிருக்கமாட்டேன்.

இந்த உறையிலும் அந்தப் படிவத்தை வைத்திருந்தேன். எடுத்துக் கிழித்துவிட்டேன். சான்றிதழ் வேண்டாம். நீ நேரில் வா. இருபத்தெட்டாம் தேதிக்குள் வர வேண்டும், இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு காலை வண்டியில் ஏறு, நான் பிளாட்பாரத்தில் நிற்பேன். மாடி ஏற வேண்டாம், எழுத்தர் அம்மா கோப்பைக் கீழே கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள். இடது கைக் கையெழுத்து செல்லுமா என்று கேட்டேன், செல்லும் என்றாள்.

அங்கே வந்து மறுப்பாயோ, சம்மதம் என்பாயோ, அது உன் இஷ்டம். சம்மதம் என்றால் எனக்கு வேலை கிடைக்காது, பரவாயில்லை. ஆர்டரை நீ வாங்கு. எத்தனை மெமோ வந்தாலும் குழியில் நான் இறங்குகிறேன். நீ மேலே நின்று காட்டினால் போதும், குடை நான் தருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசிகள்.

வழி பார்த்திருக்கும்,
உன் ஜூனியர்