ஹமீதின் புத்தகத்தில் என் ‘ஓம்’

சில்க்போர்க், டென்மார்க்

அன்புள்ள அக்கா,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். உங்கள் முழங்கால் எப்படி?

தொழிற்சாலையில் என்னோடு பெட்டி அடுக்கிய ஈராக்காரன் ஹமீத், பென்ஷன் எடுத்தபின் டெனிஷில் புத்தகமே எழுதிவிட்டான். முக்கால்வாசி என் கதைதான். அதில் ஒரு பக்கம் இப்படி வரும். "முடிஞ்சுதா?" என்று மேலாளர் கேட்பார். ஆமென்று சொல்ல, நான் ஊர்ப்பழக்கத்தில் "ஓம்" என்பேன். டெனிஷில் ‘ஓம்’ என்றால் திரும்பவும்! "சரி, திரும்ப அடுக்கு" என்று போய்விடுவார். நூலகத்தில் ஹமீத் இதை வாசிக்க, சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் எழும்பி மந்திரிபோலக் கையசைத்தேன்.

இப்போது இரண்டாவது புத்தகமாம். பின்னேரத் தேநீருக்கு வருவதில்லை. அவனுடைய கோப்பையையும் நானே குடிக்கிறேன். "நேசம், நீயும் எழுதன்" என்றான். "ஆருக்கு?" என்று கேட்டேன்.

அதுதான் அக்கா, உங்களுக்கு எழுதுகிறேன். இனியும் எழுத ஒற்றைக்கோட்டுக் கொப்பி இரண்டு அனுப்புங்கள். பதிலை நீட்டி எழுதுங்கள். வாசித்து முடிக்க ஒரு கிழமையாவது ஆகவேண்டும்.

பஸ் தரிப்பில் இருந்துதான் எழுதுகிறேன், பஸ் வருகிறது.

தம்பி நேசரட்ணம்